பதினாறு பேரில் ஒருத்தி

பக்கத்து இருக்கையில் இருந்த மார்யா அதைக் காப்பியை ஊதிக்கொண்டேதான் சொன்னாள். பஸ் தாமதமாக வந்த கதையைச் சொல்வதைப்போல, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல். "காலையில உங்க நிஸ்ஸி விழுந்தாளே, இப்ப தலை எப்படி இருக்கு?" பியூலாவுக்கு முதலில் அது உறைக்கவில்லை. இந்த ஊர் பாஷையில் விழுவதற்கு இரண்டு மூன்று வார்த்தை உண்டு, மழை விழுவதற்கு ஒன்று, தேர்வில் விழுவதற்கு ஒன்று, மனுஷர் விழுவதற்கு ஒன்று, ஏழு வருஷமாகியும் அவளுக்கு அதெல்லாம் ஒரு விநாடி தாமதித்துத்தான் இறங்கும். அந்த ஒரு விநாடியில் அவள் சிரித்த முகமாகவே மார்யாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "எப்ப?" என்றாள். "காலைப் பயிற்சி முடிஞ்சு வெளியே வரும்போது. கோச் சட்டு அப்ப யார்கூடயோ பேசிக்கிட்டிருந்தா, பார்க்கல. பின்தலை பலகையில அடிச்ச சத்தம் கேட்டுதுன்னு எங்க ஈனா சொன்னா. இப்பதான், உடை மாத்துற அறையிலயிருந்து போன்ல எழுதியிருந்தா. நீங்க நர்சாச்சே, பார்த்திருப்பீங்கன்னு நினைச்சேன்." கீழே ஐஸ் சறுக்கு அரங்கைச் சுற்றிய பலகைச் சுவரின் கதவு திறந்தது. பெண்பிள்ளைகள் ஒருத்தி பின்னால் ஒருத்தியாக ஐஸில் இறங்கினார்கள், சாம்பல் நீல உடுப்பு, பளபளவென்று ஒட்ட வாரிய கொண்டை, எல்லாருக்கும் ஒரே கண்மை, ஒரே உதடு. அறிவிப்பாளர் ஹல்லா என்று அணியின் பெயரைச் சொன்னார். ஈனாவுக்குப் பின்னால் இறங்கியவள் நிஸ்ஸி.

விரல். முதலில் ஞாபகம் வந்தது விரல்தான். மத்தியானம் காருக்குள் வைத்து அவள்தானே கொண்டை போட்டுவிட்டாள், ஜெல்லை அள்ளி அப்பி, சீப்பை அழுத்தி, ஒரு முடி வெளியே நீட்டக்கூடாது என்று சட்டு சொல்லியிருக்கிறாளே, ஒரு முடி, அப்போது வலது காதுக்குப் பின்னால் மேலே சீப்பு போனபோது பிள்ளை "ஸ்ஸ்" என்று தோளைச் சுருக்கினாள், "சும்மா இரி மக்ளே, ஆடாத" என்று இவள் அதட்டினாள், அதட்டிவிட்டு அந்த இடத்தையே விரலால் நீவி ஜெல்லைப் படிய வைத்தாள். நீவினாள். அங்கே என்ன இருந்தது? புடைப்பு இருந்ததா? மெத்தென்று இருந்ததா? விரல் ஏதோ தெரிந்துகொண்டு தன்னிடம் சொல்லாமல் வைத்திருப்பதைப்போல இப்போது வலது கைவிரல்களைக் கட்டைவிரலால் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தாள். ஜெல் காய்ந்து இன்னும் பிசுபிசுத்தது. இருபது வருஷம் எத்தனை தலையைத் தடவியிருப்பாள், கட்டிலிலிருந்து விழுந்த கிழவிகள், குளியலறையில் வழுக்கிய கிழவர்கள், இப்போது வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் வாரத்துக்கு ஒருவராவது விழுவார்கள், உடனே டார்ச்சை எடுத்துக் கண்ணில் அடித்து, இன்றைக்கு என்ன கிழமை, நீங்கள் எந்த ஊர், குமட்டுகிறதா என்று கேட்டு, அதை எழுதி வைக்காமல் அவள் வீட்டுக்குப் போனதில்லை. சொந்தப் பிள்ளையின் தலையில் மட்டும் ஜெல் தடவினாள். சோறும் பிள்ளை தின்னவில்லை. டப்பாவைத் திறந்து மூடிவிட்டு, "பிறகு திங்கேன்" என்றாள், போட்டி நாளில் எப்போதும் அப்படித்தானே என்று இவள் நினைத்தாள். காரில் தூங்கினாள். பனிமேல் வெயில் பட்டுக் கூசுகிறது என்று தொப்பியைக் கண்ணுக்குமேல் இழுத்துவிட்டுக்கொண்டு தூங்கினாள், இந்த மாசத்தில் ஏது வெயில், மேகத்துக்குப் பின்னால் ஒரு வெளுப்பு, அதுவா கூசும்? கூசியிருக்கிறது. எல்லாம் கண்முன்னால் வரிசையாக வந்து உட்கார்ந்திருக்கிறது, அவள் பார்த்து, சரி தூங்கட்டும் என்று ரேடியோவின் ஒலியைக் குறைத்திருக்கிறாள்.

எப்போது எழுந்தாள், மார்யாவின் காப்பி எப்படிக் கொட்டியது என்று தெரியவில்லை, படிகளில் இறங்கிக்கொண்டிருந்தாள். கீழே கம்பித் தடுப்பின் ஓரத்தில் மஞ்சள் சட்டை போட்ட ஒரு தன்னார்வலர், வெள்ளை மீசை, கையை மெல்ல விரித்து வழியை மறித்தார். "இசை தொடங்கப்போகுது அம்மா, முடிஞ்சபிறகு போகலாம்." "என் மகள்," என்றாள் பியூலா. தலை என்பதற்கு வார்த்தை தெரியும், அடி என்பதற்குத் தெரியும், நிறுத்துங்கள் என்பதற்கும் தெரியும், வேலைக்காகப் பரீட்சை எழுதித் தேறிய பாஷைதானே, ஆனால் எல்லாம் ஒன்றோடொன்று கோர்க்காமல் வாய்க்குள் தனித்தனியாகக் கிடந்தன. கிழவர் பிரியமாகச் சிரித்தார். "எல்லார் மகளும் அங்கேதான் நிக்கறாங்க," என்றார். அவர் தோளுக்குமேல் பார்த்தபோது அரங்கின் நடுவில் பதினாறு பேரும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து, தலைகுனிந்து, அலை எழும்பும் முன் கடல் உள்வாங்கியதுபோல அசையாமல் நின்றார்கள். எதிர்ப்பக்கம் பலகைச் சுவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கோச் சட்டு. அவள் பக்கத்தில் கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு, கோட்டுக்குக் கீழே அதே சாம்பல் நீலப் பாவாடை நுனி தெரிய, மாற்று ஆட்டக்காரி அடா. நடுவில் முழு மைதானம், முழு ஐஸ். சட்டு இந்தப் பக்கம் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் ஒரு தாய் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள் என்றுதான் நினைத்திருப்பாள், அங்கே அப்படிப் பல தாய்மார் நின்றார்கள். செல்லோ ஒரு நீண்ட கோட்டைக் கீறியது. தொடங்கிவிட்டது.

தொடங்கிவிட்டது, இனி நாலு நிமிஷம். நாலு நிமிஷம் என்பது என்ன, ஒரு முட்டை வேகாது. ஒரு ஊசி மருந்தை மெதுவாக ஏற்றுவதென்றால்கூட அதற்குமேல் ஆகும். முதலில் எல்லாரும் கட்டமாக நகர்வார்கள், நாலு வரிசை, தோளோடு தோள், அது பயமில்லை, அதில் பிள்ளை உள்ளே இருப்பாள், இரண்டு பக்கமும் ஆள் உண்டு, விழுந்தாலும் பிடிப்பார்கள், இல்லை, பிடிக்க மாட்டார்கள், விழுந்தவளைப் பார்க்காதே என்பதுதானே சட்டு சொல்லிக் கொடுக்கும் முதல் பாடம். முதல் வருஷம் பயிற்சியைப் பார்க்கப் போனபோது பியூலாவுக்கு அது நெஞ்சில் முள்ளாகக் குத்தியது: ஒரு சின்னப்பிள்ளை பொத்தென்று விழ, மற்றவர்கள் சிரித்த முகம் மாறாமல் அவளைத் தாண்டிப் போனார்கள். "விழுந்தவ எழும்பி வந்து தன் இடத்தில சேரணும். மத்தவங்க அந்த இடத்தைக் காலியா வச்சிருக்கணும், அதுதான் அவளுக்குச் செய்யற உதவி" என்று சட்டு விளக்கினாள். காலியாக வைத்திருப்பது. கணவர் ஜெபசிங்கிடம் இதைச் சொன்னபோது அவர், "செரியாத்தானே சொல்லுகா" என்றார். அவர் இந்நேரம் கிடங்கில் பெட்டிகளுக்கு நடுவில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு நேரலையைப் பார்த்துக்கொண்டிருப்பார். கோட்டுப் பையில் போன் இப்போதே துடிக்கத் தொடங்கிவிட்டது, அது அவராக இருக்காது, மார்த்தாண்டத்திலிருந்து அவர் தங்கை கிரேஸாக இருக்கும், ஒவ்வொரு போட்டிக்கும் குடும்பம் முழுவதும் டிவியில் இணைத்துவைத்துப் பார்க்கிறார்கள், பார்த்துவிட்டு ஒவ்வொரு முறையும் அதே கேள்வியை எழுதுவாள், மைனி, எல்லாம் ஒண்ணுபோல இருக்கு, இதில நம்ம பிள்ள எதாக்கும்?

எதாக்கும் நம்ம பிள்ள. அப்படிக் கேட்டால் நிஸ்ஸிக்குச் சந்தோஷம். எது என்று தெரியக்கூடாது என்பதுதானே அவள் பாடுபடுவது. போன வருஷம் அணிக்குத் தோல் நிறக் காலுறை வந்தது, பொட்டலத்தில் தோல் நிறம் என்றே போட்டிருந்தது, நிஸ்ஸி அதைப் போட்டுக் கண்ணாடியில் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் கழற்றிக் கட்டிலில் போட்டாள், கால்கள் இரண்டும் வெள்ளைக் கட்டு போட்டதுபோல இருந்தன. பியூலா தேயிலையைக் கொதிக்கவைத்து, கறுக்க இறக்கி, அதில் காலுறையை முக்கி முக்கி எடுத்தாள், உடுப்பின் கழுத்து வலையையும் முக்கினாள், மூன்றாவது தடவைதான் பிள்ளையின் நிறத்துக்கு வந்தது. "இப்ப செரியா?" "தூரத்திலயிருந்து பாத்தா எல்லாரும் ஒண்ணுபோல இருப்போமாம்மா?" என்று கேட்டாள். இருப்பீங்க என்றாள் இவள். இருக்கவில்லை, எங்கே நின்றாலும் பியூலாவின் கண் நேரே அவளிடம்தான் போகும், தாயல்லாத கண்ணும் போகும், ஆனால் சொல்வாளா? அப்படியும் அந்த வருஷம் முழுவதும் பிள்ளை ஐஸில் இறங்கவில்லை. அடா நிற்கிற அதே இடத்தில் அதேபோல் கோட்டுக்குள் உடுப்பைப் போட்டுக்கொண்டு, தேயிலை நிறக் காலுறையோடு, கொண்டையோடு, கண்மையோடு, பதினேழாவது ஆளாக நின்றாள். யாருக்காவது காய்ச்சல் வந்தால் இறங்கலாம். யாருக்கும் வரவில்லை. ஒரு நாள் வீட்டுக்கு வரும் வழியில், "எம்மா, யாருக்காவது காலு பிசகணும்னு நினைச்சேன், அது பாவமா?" என்று கேட்டாள். பியூலா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, நினைக்கிறதெல்லாம் பாவமாகாது மக்ளே என்றாள். இந்த இலையுதிர்காலத்தில்தான் பதினாறில் ஒருத்தி ஆனாள். பிறகு எப்படிச் சொல்வாள், தலை அடிபட்டது என்று? சொன்னால் அந்தக் கோட்டு கைமாறிவிடும். ஈனாவிடம் சத்தியம் வாங்கியிருப்பாள். வாங்காமலா.

கட்டம் உடைந்தது. உடைந்து நீண்டு சக்கரமாகச் சுழலத் தொடங்கியது, நடுவில் நிற்பவர்கள் இருந்த இடத்திலேயே மெல்லத் திரும்ப, நுனியில் இருப்பவள் மட்டும் உயிரைக்கொடுத்து ஓட வேண்டும், அந்த நுனிதான் நிஸ்ஸி. சின்ன உடம்பு, வேகம் அதிகம், அதனால் நுனி. அன்றைக்கு அதைக் கேட்டு எத்தனை பெருமை, எல்லாருக்கும் போன் போட்டுச் சொன்னார்கள், நுனியில நம்ம பிள்ளையாக்கும் என்று. இப்போது அந்த நுனி பியூலா நிற்கும் பக்கம் சீறிக்கொண்டு வந்தது, பிளேடு ஐஸைச் சீவும் சத்தம், குளிர் காற்று முகத்தில் அடித்தது, பிள்ளையின் முகம் ஒரு கண் சிமிட்டும் நேரம் பக்கத்தில் வந்து போனது. சிரித்த முகம். கண் திறந்திருந்தது. பியூலா அந்தக் கண்களின் கண்மணிகளைப் பார்க்க முயன்றாள், இரண்டும் ஒரே அளவா என்று, ஓடுகிற பிள்ளையின் கண்ணில், கம்பித் தடுப்புக்குமேல் எக்கிக்கொண்டு, பைத்தியக்காரிபோல. மறுபடி சுற்றி வந்தாள். மறுபடி அதே சிரிப்பு, பல்லெல்லாம் தெரியும் போட்டிச் சிரிப்பு, வீட்டில் அவள் அப்படிச் சிரிப்பதில்லை. ஒரு பையன் அப்படிச் சிரித்தான். வேண்டாம், அந்தப் பையனை இப்போது நினைக்க வேண்டாம். நாகர்கோவிலில் அவள் வேலைக்குச் சேர்ந்த புதிது. பைக்கில் இருந்து விழுந்தேன் சிஸ்டர், ஒண்ணுமில்ல, முழங்கை சிராய்ப்பு என்று தானே நடந்து வந்தான், கட்டிலில் கால் ஆட்டிக்கொண்டு உட்கார்ந்து எல்லாரையும் கலாட்டா பண்ணினான், ஒரு சாயா கிடைக்குமா சிஸ்டர் என்றான், கொடுத்தாள், குடித்தான், இனிப்பு போதாது என்றான். வேண்டாம். விளக்கு வைக்கும் நேரம் தூக்கம் வருகிறது என்று படுத்தான். திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோக வண்டி வந்தபோது அவனுடைய ஒரு கண்மணி மட்டும் கிணறுபோல விரிந்து கிடந்தது. அடிபட்டு நடுவில் ஒரு நல்ல நேரம் உண்டு, அந்த நேரத்தில் மனுஷன் நடப்பான், பேசுவான், சிரிப்பான், பெரிய டாக்டர் பிற்பாடு எல்லா நர்சுகளையும் கூட்டிவைத்துச் சொன்னார், அந்த நல்ல நேரத்தை நம்பாதீங்க பிள்ளைகளே. நிஸ்ஸி இப்போது எந்த நேரத்தில் இருக்கிறாள்?

கத்தலாம். வாய் திறந்தும்விட்டது, நி என்ற எழுத்து நாக்கில் வந்து நின்றது. அரங்கம் முழுக்கக் கேட்கும்படி அவளால் கத்த முடியும், கீழ்வீட்டிலிருந்து மாடிக்குக் கூப்பிட்டு வளர்த்த தொண்டை. கத்தினால்? நடுவர்கள் நிறுத்துவார்களா, ஒரு பெண் தெரியாத பாஷையில் கூச்சல் போடுகிறாள் என்று இந்த மீசைக்காரர் அவளை வெளியே கூட்டிப்போவார், அவ்வளவுதான். ஆனால் நிஸ்ஸி கேட்பாள். அந்தச் சத்தத்தில், அந்த இசையில், ஆயிரம் பேரில் அம்மாவின் குரலை அவள் மட்டும் கேட்பாள், கேட்டால் திரும்புவாள். திரும்பினால் போச்சு. ஏனென்றால் இப்போது அவர்கள் இரண்டு வரிசையாகப் பிரிந்துவிட்டார்கள், எட்டு பேர் அந்தக் கரையில், எட்டு பேர் இந்தக் கரையில், இசை தணிந்து ஒரு பெண் குரல் மட்டும் விசும்புவதுபோல மேலேறியது, இதுதான், இதைத்தான் அவள் எந்தப் போட்டியிலும் மூச்சுவிடாமல் பார்ப்பது, இரண்டு வரிசையும் எதிரும் புதிருமாக முதுகு காட்டிக்கொண்டு பின்னோக்கி வந்து, நடுவில் சுழன்று, ஒருத்திக்கும் இன்னொருத்திக்கும் இடையில் ஒரு ஆள் அகலச் சந்தில் புகுந்து வெளியே போக வேண்டும். ஒரு அடி தப்பினால் தலையும் தலையும், பிளேடும் காலும். கண் பார்த்துப் போவதல்ல அது, எண்ணிப் போவது. தலைக்குள் எண்ண வேண்டும். எந்தத் தலைக்குள்? கர்த்தாவே, அடிபட்ட அந்தத் தலைக்குள். பியூலா திறந்த வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். கத்தாமல் இருப்பதுதான் இப்போது பிள்ளைக்குச் செய்யக்கூடிய ஒரே காரியம், பெற்றவள் செய்யக்கூடியது அவ்வளவுதான், வாயைப் பொத்திக்கொள்வது. ஜெபம் பண்ணலாம் என்று நினைத்தாள், வரவில்லை, ஒன்று இரண்டு மூன்று நாலு என்றுதான் வந்தது, பிள்ளைக்குப் பதிலாக அவள் எண்ணினாள், அவளுக்கு அந்த ஆட்டத்தின் கணக்கு தெரியாது, எதுவரை எண்ண வேண்டும் என்று தெரியாது, இருந்தும் எண்ணினாள், வரிசைகள் ஒன்றை ஒன்று நெருங்க நெருங்க ஜெல் ஒட்டிய அந்தக் கை உதட்டில் கசந்தது. கிழவர் பக்கத்தில் நின்று, "அழகு, இல்லையா?" என்றார். நிஸ்ஸியின் முதுகு நேரே வந்தது. எதிர்வரிசையில் ஒரு பெரிய பெண்ணின் முதுகு நேரே வந்தது. இரண்டும் சுழன்றன. கூட்டம் ஹா என்றது. வெளியே போய்விட்டார்கள், பதினாறும் வெளியே போய்விட்டன, ஒன்றும் ஆகவில்லை, ஒன்றுமே ஆகவில்லை, ஜிப்பை இழுத்துவிட்டதுபோல இரண்டு வரிசையும் பிரிந்து அந்தந்தக் கரைக்குப் போயின.

பார்த்தாயா, ஒன்றும் இல்லை என்றது மனம். எதற்கெடுத்தாலும் பயம் உனக்கு, நர்சு புத்தி, தும்மினால் நிமோனியா. ஒரு தட்டு தட்டியிருக்கும், எந்தப் பிள்ளைதான் ஐஸில் விழாது, முதல் வருஷம் முழங்கால் முழுக்க நீலமாகத்தானே கிடந்தது. சோறு தின்னாதது பதற்றம். தூங்கியது விடியுமுன்னே எழுந்ததால். மண்டைக்குள் அடி என்றால் இத்தனை நுணுக்கமாக ஆட முடியுமா? முடியாது. முடியும். அந்தப் பையன் சாயாவில் இனிப்பு போதாது என்று சொன்னானே, அது எத்தனை நுணுக்கம். போன் துடித்தது. எடுத்தாள், எடுத்தது ஏன் என்று தெரியாமல். ஜெபசிங் எழுதியிருந்தார்: நம்ம பிள்ள பொளந்து கட்டுகா பியூலா, நீ அழுவாண்டாம். அழுகிறாளா? ஆமாம், அழுதிருக்கிறாள். அவருக்கு என்ன எழுத? தலை என்று தட்டினாள், அழித்தாள். நாலு மணி நேரத் தூரத்தில் பெட்டிகளுக்கு நடுவில் நிற்கும் மனுஷன், அறிந்து என்ன செய்வார், அவரும் ஒரு கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். தலை நிமிர்ந்தபோது பதினாறு பேரும் ஒரே நேரம் சுழன்றுகொண்டிருந்தார்கள். கடைசிச் சுழற்சி. கைகளை மார்போடு அணைத்து, ஒவ்வொருத்தியும் தன் இடத்தில் பம்பரமாக. சுழலாதே மக்ளே, சுழலாதே, மூளை சுழன்று மண்டையில் மோதும் படத்தைப் பாடப்புத்தகத்தில் பார்த்திருக்கிறாள், சாம்பல் நிறத்தில் ஒரு பூசணி, சுழலாதே. பதினாறு பம்பரமும் ஒரே துடிப்பில் நின்றன. ஒரே துடிப்பில் கைகள் மேலே போயின. இசை நின்றது. நிஸ்ஸி நின்றுகொண்டிருந்தாள். அரங்கமே எழுந்து கால்களால் பலகையைத் தட்டியது, இந்த ஊரில் இத்தனை சத்தம் பியூலா கேட்டதில்லை.

மீசைக்காரர் இப்போது கையை எடுத்து, "போங்கம்மா, போங்க," என்று வழிவிட்டார். அவள் தடுப்பைச் சுற்றி, ரப்பர் விரித்த நடையில் ஓடி, பிள்ளைகள் மதிப்பெண்ணுக்காக உட்காரும் இடத்தின் திரைக்குப் பின்னால் போய் நின்றாள். பதினாறு பேரும் ஒருத்திமேல் ஒருத்தி ஏறிக்கொண்டதுபோல பெஞ்சில் நெருக்கியடித்திருந்தார்கள். நிஸ்ஸி ஓரத்தில் இருந்தாள், ஈனாவின் கை அவள் தோளில். எண் திரையில் வந்தது, வந்ததும் ஒரு வீறிடல், கட்டிப்பிடித்தல், சட்டு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள், இதுவரை முதல் இடம். நிஸ்ஸியும் வீறிட்டாள். எல்லாரும் குதித்தபோது குதித்தாள். பியூலா அருகில் போய் அவள் முழங்கையைப் பிடித்தாள். "வா மக்ளே." "எம்மா," என்று சிரித்தாள் பிள்ளை, "தண்ணி இருக்கா?" கண்மணி இரண்டும் ஒரே அளவு. ஒரே அளவுதான். இந்த வெளிச்சத்தில் நிச்சயமாகச் சொல்ல முடியாது. "காலைல தலை அடிபட்டுதா?" "யாரு சொன்னா? ஒண்ணுமில்லம்மா." பியூலா சட்டுவின் பக்கம் திரும்பினாள், இப்போது வார்த்தைகள் தாமாகக் கோர்த்துக்கொண்டு வந்தன, தலை, காலை, பலகை, மருத்துவர், வேலையிடத்தில் மாற்றாளிடம் நோயாளியை ஒப்படைக்கும் குரலில் சொன்னாள், சட்டுவின் முகத்தில் இருந்த சிவப்பெல்லாம் இறங்கிப்போனது. "எனக்குத் தெரியாது. சத்தியமா எனக்குத் தெரியாது," என்றாள் சட்டு. எனக்கும் என்று சொல்ல நினைத்தாள் பியூலா.

முதலுதவி அறை நடையின் கோடியில் இருந்தது, ஒரு கட்டில், ஒரு அலமாரி, வாசலில் ஈரக் கோட்டுகளின் வாடை. சீருடை போட்ட இளம்பெண் நிஸ்ஸியை உட்காரவைத்து, கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, ஆம்புலன்சைக் கூப்பிடுவது நல்லது என்று பியூலாவைப் பார்த்துச் சொல்லி, போனோடு வெளியே போனாள். அவள் சொன்ன விதம் பியூலாவுக்குத் தெரியும், அதே விதமாக அவளே எத்தனையோ மகன்களிடமும் மகள்களிடமும் சொல்லியிருக்கிறாள், நல்லது என்ற வார்த்தையில் கொஞ்சம் அழுத்தி. நிஸ்ஸி கட்டிலில் கால்களைத் தொங்கவிட்டுக்கொண்டு இருந்தாள். காலணிகூடக் கழற்றவில்லை, பிளேடில் ஒட்டியிருந்த ஐஸ் தூள் கரைந்து தரையில் சொட்டியது. பியூலா கொண்டையை அவிழ்க்கலாமா என்று கை நீட்டினாள், ஊசிகள், எத்தனை ஊசி குத்தியிருக்கிறாள், ஒவ்வொன்றாக உருவினாள், மெதுவாக, பிள்ளை இந்தத் தடவை ஆடவில்லை. காதுக்குப் பின்னால் மேலே, ஜெல்லின் ஓட்டுக்கு அடியில், அங்கே இருந்தது. அரை எலுமிச்சம்பழ அளவு. கையை எடுக்காமல் அப்படியே வைத்துக்கொண்டாள். அப்போது அரங்கத்திலிருந்து ஒலிபெருக்கி கேட்டது, அடுத்த அணியின் பெயர், அதைத் தொடர்ந்து கைதட்டல். நிஸ்ஸி திடுக்கிட்டு நிமிர்ந்தாள். குனிந்து, கட்டியிருந்த காலணிக் கயிற்றை இழுத்து இறுக்கத் தொடங்கினாள்.

"என்ன செய்யுக மக்ளே?"

"கூப்பிடுகாங்கம்மா. நம்ம எப்ப இறங்கணும்? சட்டு எங்க?"

பியூலா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க ஆடியாச்சு. இப்பதான் ஆடி முடிச்ச. எல்லாரும் எழும்பி நின்னு தட்டினாங்க."

நிஸ்ஸி அவளையே பார்த்தாள். கண்மைக்கும் மினுக்கத்துக்கும் நடுவில் அந்தக் கண் மெல்ல மெல்லச் சுருங்கியது, சின்னப்பிள்ளையில் ஊசி போட மாட்டோம் என்று பொய் சொல்லி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனபோது பார்த்தாளே, அதே பார்வை. "பொய் சொல்லாத." "பொய்யில்ல மக்ளே, அப்பா பாத்தாச்சு, அத்தை பாத்தாச்சு, நீ நுனியில எப்படி ஓடின—" "நான் ஆடல்ல. ஆடியிருந்தா எனக்குத் தெரியாதா?" தன் உடுப்பைக் குனிந்து பார்த்தாள், அவிழ்ந்து கிடக்கும் தலைமுடியைத் தொட்டுப் பார்த்தாள், அம்மாவின் கையில் கற்றையாக இருந்த ஊசிகளைப் பார்த்தாள். "அடாவ இறக்கிட்டாங்க, இல்லியா? என்னைய இங்க கொண்டுவந்து இருத்திட்டு அவள இறக்கிட்டாங்க. கொண்டையக்கூட அவுத்துட்ட. ஈனா உங்கிட்ட சொல்லியிருப்பா, நீ போய் சட்டுகிட்ட சொல்லிட்ட. நீதான சொன்ன? ஒரு வருஷம்மா, ஒரு வருஷம் நான் கோட்டு போட்டுட்டு நின்னேன், உனக்குத் தெரியாதா, நீதான நிறுத்தின?"

"இல்ல மக்ளே," என்றாள் பியூலா. வாசலில் சீருடைப் பெண் வந்து நின்று, வண்டி கிளம்பிவிட்டது என்று கைகாட்டினாள். "நான் நிறுத்தல்ல."

பிள்ளை நம்பவில்லை. சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, காலணியோடு கட்டிலில் சுருண்டு, தூக்கம் வருகிறது என்றாள்.

"தூங்காத," என்றாள் பியூலா. அவள் தோளைப் பிடித்து உலுக்காமல் உலுக்கினாள். "தூங்காத மக்ளே, என்னைய ஏசு. நீ ஏசிட்டே இரி."